காலை எட்டு மணி ரத்தம்

சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் தனியாக மாடிப்படி ஏறி வருகிற ஆண்களை அவர் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார். கையிலிருக்கும் வேலையைப் பார்த்துக்கொண்டே, "அந்த டெஸ்ட்டுன்னா காலைல எட்டு மணிக்கு வாங்க" என்பார். வந்தவர் அதுவரை வாயைத் திறந்திருக்க மாட்டார். டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டு இன்னும் அவர் சட்டைப் பைக்குள்தான் இருக்கும்.

தொண்ணூறுகளின் பின்பாதி அது. திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு சந்து. அதில் மாடியில் அவருடைய ரத்தப் பரிசோதனைக் கூடம், நேர் கீழே என்னுடைய ஜெராக்ஸ் கடை. டைப்பிங், லேமினேஷன், எஸ்.டி.டி. பூத் எல்லாம் பத்துக்குப் பன்னிரண்டு அறைக்குள். மாடிப்படி என் கடையை ஒட்டியே ஏறியதால் யார் போகிறார், யார் வருகிறார் என்பது எனக்கு அத்துப்படி. அவருக்கு அப்போது ஐம்பதை நெருங்கும் வயது. கணவரை இழந்தவர். ஊரில் எல்லோருக்கும் அவர் 'லேப் சிஸ்டர்'. அவர் பெயரைக் கேட்கிற தேவை யாருக்கும் வந்ததில்லை. பத்து வருடத்துக்கு மேல் அவருக்குக் கீழே கடை வைத்திருந்தவன் என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு இன்றைக்கும் ஒரு மிதப்பு உண்டு.

கஞ்சி போட்ட வெள்ளைக் கோட்டு. கைக்கடிகாரத்தை முகம் உள்பக்கம் வரும்படி கட்டியிருப்பார். ரத்தம் எடுத்துக்கொண்டே மணி பார்க்க அதுதான் தோது. சிறுமலையில் அவருடைய அண்ணனுக்குத் தோட்டம் இருந்தது. வாரம் ஒரு தார் மலைவாழை பஸ்ஸில் இறங்கி வந்து அறையின் மூலையில் தொங்கும். ஊசி குத்திக்கொண்ட எல்லோருக்கும் ஒரு பழம் கொடுப்பார். சர்க்கரை வியாதிக்காரர்களுக்குப் பழம் கிடையாது, ஒரு முறைப்பு மட்டும்.

ஆனால் அவரை அவராக்கியது கோட்டும் இல்லை, பழமும் இல்லை. அந்தக் குரல். எதையும் ஒரே குரலில்தான் சொல்வார். சர்க்கரை, உப்பு, கொழுப்பு என்று சொல்கிற அதே குரலில் ஆண்களுக்குச் சுரக்கிற ஹார்மோனையும் சொல்வார். கூடத்தில் பத்துப் பேர் உட்கார்ந்திருந்தாலும் சத்தம் குறையாது. ஒரு தடவை செம்பட்டிப் பக்கத்துத் தேங்காய் வியாபாரி ஒருவர், துண்டால் தலையைப் போர்த்திக்கொண்டு வந்து, அவர் காதோரம் குனிந்து ஏதோ முணுமுணுத்தார். சிஸ்டர் பின்னால் சாய்ந்து அந்த மனிதரை நன்றாகப் பார்த்தார்.

"மெதுவாப் பேசுனா ரிசல்ட்டு மாறிருமாண்ணே? துண்ட எடுங்க, வேர்க்குது பாருங்க."

காலை எட்டு மணி விஷயத்தில் அவரோடு மல்லுக்கு நின்றவர்கள் நிறையப் பேர். அந்த நேரத்தில்தான் சந்தில் கூட்டம் நெரியும். பஸ்ஸுக்கு ஓடுகிறவர்கள், பூ மூட்டை தூக்கி வருகிறவர்கள், டீக்கடையில் பேப்பர் படிக்கிறவர்கள் எல்லோர் கண்ணிலும் பட்டுத்தான் மாடி ஏற வேண்டும். இருட்டினால் ஆள் தெரியாது என்று நினைத்து ஆறு மணிக்கு மேல் வந்தால் அவர் திருப்பி அனுப்பிவிடுவார். "அந்தச் சுரப்பு விடிகாலைல ஏறி இருக்கும், பொழுது சாயச் சாய எறங்கிரும். எறங்குன நேரத்துல எடுத்தா நல்லா இருக்குற ஆளும் கொறஞ்ச ஆளாத் தெரிவான். ஒங்க வெக்கத்துக்காக நான் தப்பாப் பாக்க முடியுமா?" என்பார். மறுநாள் காலையில் வந்து நிற்பார்கள், முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு.

ஒன்றில் மட்டும் அவர் விட்டுக்கொடுத்தார். பெயர். பழனி பக்கத்தில் இருக்கிற ஊர் ஆயிற்றே, அவசரத்துக்கு ஒரு பொய்ப் பெயர் சொல்லச் சொன்னால் வாயில் வருவது முருகன்தான். அந்தப் பரிசோதனைக்கு வந்தவர்களில் பாதிப் பேர் முருகன். நிஜமாகவே முருகன் என்று பெயருள்ள ஒருவர் வந்தபோது சிஸ்டர் சிரித்துவிட்டார். பாவம், அந்த மனிதர் ரேஷன் கார்டை எடுத்துக் காட்டினார். நான் கீழே கல்லாவில் உட்கார்ந்துகொண்டு, "இன்னைக்கு எத்தனை முருகன் சிஸ்டர்?" என்று கேட்பேன். அவர் விரலைக் காட்டிவிட்டுப் போவார். எனக்கு அது பெரிய பொழுதுபோக்கு. அடுத்தவன் சங்கடம்தானே, சிரிப்பதற்கு என்ன தடை.

எனக்கு நாற்பது நடந்துகொண்டிருந்தபோது சிரிப்பு நின்றது.

எப்போது தொடங்கியது என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை. முதலில் அசதி என்று நினைத்தேன். பிறகு தலைவலி. தினமும் சவரம் செய்கிறவன், வாரம் ஒருமுறை செய்தால் போதும் என்று ஆனதை ஒரு வசதியாகத்தான் எடுத்துக்கொண்டேன். ஆசை என்பது ஒரேயடியாக நின்றுபோகவில்லை, கிணற்றில் தண்ணீர் வற்றுகிற மாதிரி வற்றியது. என் மனைவி பக்கத்தில் வந்து படுத்தால் எனக்குப் பயம்தான் வந்தது. அவள் மேல் பிரியம் குறையவில்லை, உடம்புதான் அவள் பக்கம் திரும்ப மறுத்தது. அதைச் சொல்வதற்கு எனக்கு வார்த்தை இல்லை. வார்த்தை இல்லாததால் எரிந்து விழுந்தேன். ஒன்றரை வருடம் இப்படியே ஓடியது.

பேருந்து நிலையச் சுவர்களில் ஒட்டியிருந்த நோட்டீஸைப் பார்த்து, மாதம் ஒருமுறை லாட்ஜில் வந்து தங்கும் வைத்தியர் ஒருவரிடம் போனேன். டப்பா டப்பாவாக லேகியம் தின்றேன். வயிற்றுப்போக்குதான் மிச்சம். கடைசியில் ஊரின் மறுகோடியில், என்னைத் தெரியாத ஒரு வயதான டாக்டரிடம் போய் உட்கார்ந்தேன். அவர் பெயரும் வயதும் கேட்டார். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"முருகன். முப்பது."

அந்தச் சீட்டோடு மறுநாள் காலை எட்டு மணிக்கு நான் என் கடைக்கு மேலேயே ஏறிப் போனேன். சிஸ்டர் சீட்டைப் படித்தார், என்னைப் பார்த்தார். உதட்டோரம் ஒரு சிரிப்பு வந்து போனது. "நீங்களுமா தம்பி?" என்று கேட்டார். நான் தரையைப் பார்த்தேன். அதற்கு மேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை. பதிவேட்டில் முருகன், முப்பது என்றே எழுதிக்கொண்டு ரத்தம் எடுத்தார். பழம் கொடுத்தார். அந்தக் காலத்தில் இந்தப் பரிசோதனைக்கான கருவி அவரிடம் கிடையாது. ரத்தக் குப்பியை ஐஸ் போட்ட பிளாஸ்கில் வைத்து மதுரையில் ஒரு பெரிய கூடத்துக்கு அனுப்புவார். முடிவு இரண்டு மூன்று நாளில் தாளாகத் திரும்பி வரும்.

வந்தது. எல்லாம் சரியாக இருக்கிறது என்று வந்தது. டாக்டர் தாளைப் பார்த்துவிட்டு, "உடம்புல ஒண்ணுமில்ல. எல்லாம் மனசு. லேசா வச்சுக்கங்க" என்றார். நான் ஆம்பளைதான் என்று மதுரையிலிருந்து சர்டிபிகேட் வந்துவிட்டது. தலைகால் புரியாமல் வீட்டுக்குப் போய், கேட்காமலேயே அதை எடுத்து மனைவியிடம் நீட்டினேன்.

"பாரு. எனக்கு ஒரு கொறையும் இல்ல."

அவள் வாங்கி இரண்டு தடவை படித்தாள். "இது யாரு முருகன்?" என்றாள்.

"நான்தான். கூச்சமா இருந்துச்சுன்னு பேர மாத்திக் குடுத்தேன்."

"வயசும் மாத்தித்தான் குடுத்தீகளா?"

"ம்."

அவள் தாளை மடித்து என் சட்டைப் பையில் வைத்தாள். "உங்க உடம்புல ஒரு கொறையும் இல்ல. அப்ப கொறை எங்கிட்டதான். இல்லன்னா வேற எங்கயோ எல்லாம் சரியாத்தான் நடக்குது. பேரையே மாத்திச் சொல்றவரு, இன்னும் என்னென்ன மாத்திச் சொன்னீகளோ" என்றாள். குரல் உயரவே இல்லை. உயர்ந்திருந்தால் நானும் கத்தியிருப்பேன். மறுநாள் பள்ளிக்கூடம் போன மகளைப் பாதி வகுப்பில் அழைத்துக்கொண்டு, ரெட்டியார்சத்திரம் பக்கத்திலிருந்த அவள் அப்பா வீட்டுக்குப் போய்விட்டாள்.

மூன்று வாரம் ஆயிற்று. என் மைத்துனர், அவளுடைய அண்ணன், கடைக்கு போன் செய்தார். "வர்ற வெள்ளிக்கிழமை பெரியாளுக நாலு பேரக் கூப்டுருக்கோம் மாப்ள. பேசி அத்துவிட்டுக்கலாம். அது பாட்டுக்கு அது இருக்கட்டும், நீங்க பாட்டுக்கு நீங்க இருங்க." எனக்கு இருந்தது ஒரு மனைவி, ஒரு மகள். இரண்டும் வெள்ளிக்கிழமையோடு போகப் போகிறது. என் கையில் இருந்த ஒரே அத்தாட்சி எனக்கு எதிரான அத்தாட்சி.

அதே வாரத்தில்தான் மாடியில் இன்னொன்று நடந்திருக்கிறது. எனக்கு அது பிறகுதான் தெரியும். இருபத்தைந்து வயதுப் பையன் ஒருவன், கல்யாணம் நிச்சயமானவன், கையில் ஒரு தாளோடு சிஸ்டர் முன்னால் வந்து நின்றிருக்கிறான். "எனக்கு ரொம்பக் கொறச்சலா இருக்குன்னு போட்ருக்கு சிஸ்டர். பொண்ணு வீட்ல வேண்டாம்னு சொல்லப் போறேன். அதுக்கு முன்ன ஒருக்கா பாத்துச் சொல்லுங்க" என்றானாம். சிஸ்டர் தாளைப் பார்க்கவில்லை, அவனைப் பார்த்தார். காலையில் மழித்த தாடி மத்தியானத்துக்குள் கருக்கென்று தலைகாட்டியிருந்தது. இந்த உடம்புக்கு இந்தத் தாள் பொருந்தவில்லையே என்று அவருக்குத் தட்டியிருக்கிறது. மறுநாள் காலையில் மறுபடி ரத்தம் எடுத்து அனுப்பினார். எல்லாம் சரியாக இருந்தது.

அப்புறம்தான் பதிவேட்டை எடுத்துப் புரட்டியிருக்கிறார். ஒரே நாளில் இரண்டு முருகன். பதினான்காம் எண்ணும் முருகன், முப்பது. பதினேழாம் எண்ணும் முருகன், முப்பது. நான் வயதைக் குறைத்துச் சொன்னேன். கல்யாணம் ஆகாதவன் இதற்கெல்லாம் ஏன் வருகிறான் என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்று அந்தப் பையன் கூட்டிச் சொல்லியிருக்கிறான். இரண்டு பொய்யும் போய் முப்பதில் முட்டிக்கொண்டு நின்றன. சிஸ்டர் குப்பியில் பெயர், வயதோடு எண்ணும் எழுதித்தான் அனுப்பினார். மதுரையில் தாளில் பெயரும் வயதும் மட்டும் டைப் அடித்து அனுப்பினார்கள். எது யாருடையது என்று போன் போட்டுக் கேட்காமல், முதலில் வந்தவருக்கு மேலே இருந்த தாளைக் கொடுத்தது சிஸ்டர்.

அவர் படியிறங்கி என் கடைக்குள் வந்து, வாடிக்கையாளர் போகும்வரை நின்று, இதை அப்படியே சொன்னார். நான் வெள்ளிக்கிழமையைப் பற்றிச் சொன்னேன். அன்றைக்குப் புதன்.

"நாளைக்குக் காலைல மொத பஸ்ஸுக்கு வெறும் வயித்தோட வாங்க. ஒங்க மாமனார் வீட்டுக்குப் போவோம்."

"நீங்க எதுக்கு சிஸ்டர்? சரியான பேப்பரக் குடுங்க, நான் காட்டிக்கிறேன்."

"ஏற்கெனவே ஒரு பேப்பர் காட்டுனீங்களே தம்பி. இன்னொண்ணக் காட்டுனா யாரு நம்புவா?"

அவர் சொன்னது சரி. ஆனால் எனக்கு வேறொரு பயம். ஒரு பெண்ணைக் கூட்டிக்கொண்டு மனைவியின் வீட்டு வாசலில் போய் நின்றால் அவர்கள் என்ன நினைப்பார்கள்? தேடிக்கொண்டிருந்த ஆள் தானாகவே வந்துவிட்டாள் என்றுதானே? இதை நான் எப்படியோ மென்று விழுங்கிச் சொன்னேன். அவர் சற்று யோசித்தார். மறுநாள் விடிகாலையில் பேருந்து நிலையத்தில் பார்த்தால், வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கொண்டு, ஐஸ் பிளாஸ்கைத் தோளில் மாட்டிக்கொண்டு நிற்கிறார். அந்தக் கோட்டோடுதான் பஸ் ஏறினார். கண்டக்டர் எழுந்து வந்து, ஊரில் ஏதும் காய்ச்சல் பரவுகிறதா என்று விசாரித்துவிட்டுப் போனார்.

வாசலில் ஈரச் சாக்கில் மல்லிகையும் கனகாம்பரமும் குவிந்து கிடந்தன. திண்டுக்கல் சந்தைக்குப் போக வேண்டிய பூ. மாமனார், மைத்துனர், அவர் மனைவி, பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் என்று எல்லோரும் சுற்றி உட்கார்ந்து பூவைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். என் மனைவி கதவோரம் நின்றாள். மூன்று வாரத்தில் பாதியாகியிருந்தாள்.

"யாரு இந்தம்மா?" என்றார் மைத்துனர்.

சிஸ்டர் நின்றபடியே பேசினார். அதே குரல், கூட்டவும் இல்லை குறைக்கவும் இல்லை. "நான் திண்டுக்கல்ல லேப் வச்சிருக்கேன். ஒங்க மாப்பிள்ளையோட பேப்பர இன்னொருத்தருக்குக் குடுத்துட்டேன். அவரோடத இவருக்குக் குடுத்துட்டேன். பேர மாத்திச் சொன்னது இவரு தப்பு. சரிபாக்காமக் குடுத்தது என் தப்பு. இவரு ஒடம்புல ஆம்பளைக்குச் சுரக்க வேண்டியது ரொம்பக் கொறஞ்சு போச்சு. அது கொறஞ்சா ஆசை வராது. மனசு நெனச்சாலும் ஒடம்பு எந்திரிக்காது. சர்க்கரை கூடுற மாதிரி, இது கொறையுறதும் ஒரு வியாதி."

பக்கத்து வீட்டுப் பெண்கள் முந்தானையை வாய்க்குக் கொண்டுபோனார்கள். மாமனார் தொண்டையைச் செருமினார். "பொம்பளைக இருக்காகம்மா."

"அவுகளுக்குச் சொல்லத்தான் வந்தேன்யா."

எனக்குப் பூமி பிளந்து உள்ளே இழுத்துக்கொள்ளாதா என்று இருந்தது. என் உடம்பின் ரகசியம் மல்லிகைப் பூவோடு கலந்து அந்த வாசலில் கிடந்தது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். ஒன்றரை வருடமாக எனக்குக் கிடைக்காத வார்த்தைகள் அவை. அவர் சொன்னபோது எவ்வளவு சாதாரணமாக இருந்தன.

மைத்துனர் லேசில் விடுகிற ஆள் இல்லை. "பேப்பர் மாறிப்போச்சுன்னு இப்ப வந்து சொல்லுறீக. மாப்ளைதான் கூட்டியாந்து சொல்லச் சொன்னாருன்னா நாங்க என்னத்தக் கண்டோம்?"

"நம்ப வேணாம்" என்றார் சிஸ்டர். கையைத் திருப்பி மணி பார்த்தார். எட்டு ஆக ஐந்து நிமிடம். "செத்த அந்த ஸ்டூலக் குடுங்க" என்று வாங்கிப் போட்டு என்னை உட்கார வைத்தார். அத்தனை பேர் முன்னிலையில் என் கையைப் பிடித்து ரத்தம் எடுத்தார். குப்பியில் ஒட்டிய தாளில் என் சொந்தப் பெயர், அப்பா பெயர், வயது எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்லியே எழுதினார். பிளாஸ்கில் வைத்து மூடி மைத்துனரிடம் நீட்டினார். "மதுரைல எந்த லேப் வேணாலும் நீங்களே கொண்டுபோய்க் குடுங்க. ரிசல்ட்டையும் நீங்களே வாங்குங்க. நான் தொட மாட்டேன். மத்தியானத்துக்குள்ள போயிரணும், ஐஸ் கரைஞ்சா வீணாப் போயிரும்."

மைத்துனர் பிளாஸ்கைப் பார்த்தார், பூவைப் பார்த்தார், தன் அப்பாவைப் பார்த்தார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு வந்து வாங்கிக்கொண்டார். என்னை அத்துவிட நாள் குறித்தவர், என் ரத்தத்தை மடியில் வைத்துக்கொண்டு மதுரை பஸ் ஏறினார்.

அவர் போன பிறகுதான் என் மனைவி பேசினாள். என்னிடம் இல்லை, சிஸ்டரிடம்.

"என்னப் பிடிக்காமத்தான் தள்ளிப் படுத்தாருன்னு நெனச்சேன். அப்படி இல்லையா?"

"இல்ல தாயி. அவரு ஒடம்புக்கு இப்ப யாரையுமே பிடிக்காது."

"உங்களுக்கு எப்படித் தெரியும்? பேப்பர்ல அதெல்லாமா போட்டிருக்கும்?"

சிஸ்டர் ஸ்டூலில் உட்கார்ந்தார். "என் வீட்டுக்காரரு ஆறு வருசம் செவுரப் பாத்துத்தான் படுத்தாரு. என் மூஞ்சிதான் அவருக்கு ஆகலன்னு நெனச்சு நான் கண்ணாடி பாக்குறதையே விட்டேன். அவரும் சொல்லல, நானும் கேக்கல. போய்ச் சேந்துட்டாரு. அதுக்கப்புறம்தான் இந்தப் படிப்புப் படிச்சேன். படிக்கயிலதான் அவருக்கு இருந்தது இதாத்தான் இருந்திருக்கும்னு புரிஞ்சுச்சு." இதையும் அதே குரலில்தான் சொன்னார். பூப் பிரித்துக்கொண்டிருந்த கைகள் நின்றுவிட்டன.

என் மனைவி உள்ளே போய்ப் பையோடு வந்தாள். "பேப்பர் வரட்டும்மா, அப்புறம் போகலாம்" என்றார் மாமனார்.

"ஒரு பேப்பரப் பாத்துத்தான்ப்பா வெளிய வந்தேன். இன்னொரு பேப்பரப் பாத்துட்டுத்தான் உள்ள போகணுமா?" என்றாள்.

மகள் பின்னாலேயே வந்தாள். பஸ்ஸில் என் மனைவி சிஸ்டருக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்தாள். திண்டுக்கல் வரும்வரை என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. இறங்கும்போது, "டீ குடிக்கிறீகளா? வெறும் வயித்தோட ரத்தம் குடுத்திருக்கீக" என்று மட்டும் கேட்டாள்.

சிஸ்டர் டீ குடிக்க நிற்கவில்லை. அந்தப் பையனுடைய ஊருக்குப் போய் அவன் வீட்டிலும் இதையே சொல்ல வேண்டும் என்று அடுத்த பஸ் ஏறிவிட்டார். பெண் வீட்டார் அதுவரை ஒன்றும் கேள்விப்பட்டிருக்கவில்லை. அந்தக் கல்யாணத்தில் சிஸ்டருக்கு முன்வரிசையில் நாற்காலி போட்டார்களாம்.

மைத்துனர் வாங்கி வந்த தாளில் என் ஹார்மோன் பாதாளத்தில் கிடந்தது. டாக்டர் மேற்கொண்டு எழுதிய பரிசோதனைகளில் பால் சுரக்க வைக்கிற ஒரு ஹார்மோன் எனக்கு எக்கச்சக்கமாக இருந்தது. ஆணுக்கும் அது உண்டாம். அது ஏறினால் மற்றது இறங்குமாம். மதுரையில் ஸ்கேன் எடுத்தார்கள். மூளைக்கு அடியில் உள்ள சுரப்பியில் பட்டாணி அளவுக்கு ஒரு கட்டி. கெட்ட கட்டி இல்லை, மாத்திரையிலேயே சுருங்கும். விட்டிருந்தால் நாளடைவில் கண்பார்வையில் கை வைத்திருக்கும் என்றார்கள். மாத்திரை முதல் மாதம் தலையைச் சுற்ற வைத்தது, வாந்தி வந்தது. மூன்றாவது மாதம் தாடி வளர்ந்தது. அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், என் மனைவி வெஞ்சனத்துக்குக் காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது அவள் பின்கழுத்தைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டே இருந்தேன். அழுகை வந்துவிட்டது.

திங்கட்கிழமை மாடி ஏறிப் போய், "சிஸ்டர், எல்லாம் பழையபடி வந்துருச்சு" என்றேன்.

"அத ஏன் எங்கிட்ட வந்து சொல்றீங்க? வீட்ல சொன்னீங்களா?" என்றார்.

இதற்கிடையில் அவர் செய்த இன்னொரு காரியம்தான் அவர் தொழிலை நிலைகுலைய வைத்தது. ரெட்டியார்சத்திரத்திலிருந்து திரும்பிய வாரமே ஒரு தாளில் எழுதி எடுத்து வந்து, பெரிய எழுத்தில் டைப் அடித்து லேமினேட் பண்ணித் தரச் சொன்னார். 'இங்கே ஒரே பெயரில் ரத்தம் கொடுத்த இருவருடைய முடிவுகளை நான் மாற்றிக் கொடுத்துவிட்டேன். இருவரிடமும் நேரில் சொல்லிவிட்டேன். இனிமேல் சொந்தப் பெயரும் சரியான வயதும் சொல்பவர்களுக்கு மட்டுமே ரத்தம் எடுக்கப்படும்.' கீழே அவர் கையெழுத்து.

"ரெண்டு பேருக்கும் சொல்லியாச்சுல்ல சிஸ்டர். ஊருக்கே எதுக்கு? தொழில் படுத்துரும்."

"வேற யாருக்கும் மாத்திக் குடுத்திருந்தா? அவுக இதப் பாத்துட்டு வரட்டும். நீங்க அடிங்க."

அடித்தேன். அதை அவர் கூடத்தின் வாசலில், வருகிறவர் கண்ணில் முதலில் படுகிற இடத்தில் ஒட்டினார். நான் பயந்தபடியே ஆயிற்று. ரத்தத்தை மாற்றிக் கொடுக்கிற லேப் என்று பேச்சுப் பரவியது. டாக்டர்கள் ஆள் அனுப்புவதை நிறுத்தினார்கள். என் கடையை ஒட்டிய படியில் காலடிச் சத்தமே இல்லாத நாட்கள் வந்தன. சிறுமலையிலிருந்து வந்த தார் ஆள் இல்லாமல் பழுத்துக் கறுத்தது. அவர் சீப்புச் சீப்பாக எடுத்து வந்து என் கடைக்கு ஜெராக்ஸ் எடுக்க வருகிறவர்களுக்குக் கொடுத்தார். காலையில் சரியாக எட்டு மணிக்குக் கோட்டை மாட்டிக்கொண்டு உட்காருவது மட்டும் மாறவில்லை. அந்த அறிவிப்பைக் கொஞ்ச நாள் எடுத்து வைக்கச் சொல்லி நான் கெஞ்சினேன். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. என் ஒருவனால்தானே இவ்வளவும் என்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஒருநாள் காலையில் அந்த வயதான டாக்டர், எல்லாம் மனசு என்று என்னை அனுப்பியவர், படியேறி வந்தார். முழங்கால் வலிக்காரர். பாதிப் படியில் நின்று மூச்சு வாங்கினார். அறிவிப்பை மூக்குக் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு படித்தார். சட்டையிலிருந்து பேனாவை எடுத்தார். லேமினேஷன் மேல் மை ஒட்டவில்லை. அதனால் ஒரு வெள்ளைத் தாளைக் கேட்டு வாங்கி எழுதி, அதைக் கீழே ஒட்டச் சொன்னார். 'தாளைப் பார்த்தேன், ஆளைப் பார்க்கவில்லை. அது என் தவறு.' கீழே கையெழுத்து.

"நாளைலருந்து அனுப்புறேம்மா" என்றார். சிஸ்டர் அவருக்கும் ஒரு பழம் கொடுத்தார்.

அன்றைக்கு என் மனைவி எனக்கு மத்தியானச் சோறு எடுத்து வந்திருந்தாள். டாக்டர் வந்து போன கதையைச் சொன்னேன். வா, பார்க்கலாம் என்று இருவரும் மாடி ஏறினோம். சிஸ்டர் உள்ளே யாருக்கோ ரத்தம் எடுத்துக்கொண்டிருந்தார். எத்தனையோ நாளுக்குப் பிறகு வந்த ஆள். வாசலில் நின்று இரண்டையும் படித்தோம். தவறு செய்த மூன்று பேரில் இரண்டு பேர் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். முதல் தவறு செய்தவன் கையில் சாப்பாட்டுத் தூக்கோடு நின்று படித்துக்கொண்டிருந்தான்.

தூக்கை மனைவியிடம் கொடுத்துவிட்டு, டாக்டரின் தாளில் மிச்சமிருந்த இடத்தில் எழுதினேன். 'பெயரையும் வயதையும் மாற்றிச் சொன்னவன் நான்.' என் பெயரை எழுதினேன். அப்பா பெயர், தெருப் பெயர், கடைப் பெயர் எல்லாம் எழுதினேன். நாளைக்கு யார் வேண்டுமானாலும் படிக்கட்டும், கீழே வந்து என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போகட்டும் என்று இருந்தது. என் வாழ்க்கையில் வேறெதிலும் அவ்வளவு பெருமையோடு நான் கையெழுத்துப் போட்டதில்லை. கடைசியாக, வயது நாற்பது என்று எழுதி முடித்தேன்.

என் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள் என் மனைவி.

"நாப்பத்தொண்ணு ஆயிருச்சு. சரியாப் போடுங்க" என்றாள்.